நாலேகால் பஸ்ஸில் பதினொரு இடம்

20.2.1988, சனி. கோவில்பட்டி.

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். சிறு தவறு என்பது என் கணக்கு. மற்ற பத்துப் பேரும் அப்படிச் சொல்லவில்லை.

“ஏலே ராஜகுரு, நாளைக்குப் பத்து மணிக்கு ரெட்டியபட்டியில எனக்குப் பொண்ணு பாக்கப் போறோம்னு தெரியும்ல? இப்ப நான் எப்படிலே போவேன்?”

பஸ் ஸ்டாண்டில் என் காலரைப் பிடித்துக்கொண்டு கேட்டவன் செல்லப்பாண்டி. அருப்புக்கோட்டையில் எங்கள் மாலை நேரக் கல்லூரியின் ஹாக்கி கேப்டன். பகலில் நூல் மில்லில் வேலை. ‘சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் உங்க மகன் வீட்டுல இருப்பான்’ என்று அவன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்தவன் நான்.

சும்மா கொடுக்கவில்லை. மூன்று வருடமாக இந்தப் போட்டிக்கு வருகிறோம். பயண ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு. காலை பஸ்ஸில் வருவது, இரண்டு மணிக்கு ஆடுவது, நாலேகால் பஸ்ஸில் ஊர் திரும்புவது. ‘நாங்கள் தொலைவிலிருந்து வரும் அணி, தயவுசெய்து இரண்டு மணி ஆட்டத்தை எங்களுக்கு ஒதுக்கவும்’ என்று ஜனவரியிலேயே கடிதம் போட்டுவிடுவேன். மூன்று வருடமும் திட்டம் ஒரு நிமிடம் பிசகியதில்லை.

மாற்று ஆட்டக்காரர் என்று யாரையும் அழைத்து வருவதில்லை. பன்னிரண்டாவது டிக்கெட் வீண் செலவு. பதினோராவது ஆளாக நானே மட்டையைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு ஓட வராது. நாங்கள் பழகுவது வறண்ட கண்மாய்க்குள். சுற்றிலும் கருவேல முள். பந்தைத் தன் பக்கம் தாண்டவிட்டவன்தான் முள்ளுக்குள் போய் எடுத்து வர வேண்டும். அதற்குப் பயந்தே, தாண்டப் போகிற பந்துக்குக் குறுக்கே மட்டையை வைக்க மட்டும் கற்றுக்கொண்டேன். ஹாக்கியில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“கையில எவ்வளவுலே இருக்கு?” என்று கேட்டான் எங்கள் கோல்கீப்பர் அய்யப்பன்.

“அம்பத்தெட்டு ரூபா. ஊருக்குப் போக அம்பத்தஞ்சு.”

“அப்ப மிச்சம் மூணு ரூபாய்ல பதினோரு பேருக்கு ராத்திரிச் சாப்பாடு. படுக்குறதுக்கு? இந்த பெஞ்சா?”

“நாலு பேரு படுக்கலாம்” என்றேன், பெஞ்சை அளந்து பார்த்து. சொல்லியிருக்கக் கூடாது. செல்லப்பாண்டி மறுபடியும் காலரைப் பிடித்தான்.

அந்த நேரம் பார்த்து நாலேகால் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே கையை ஆட்டினார்.

“ஏறுங்க தம்பிகளா! காலையிலயே இந்தத் தம்பி சொல்லி வச்சுச்சுல்ல, பின்னாடி பதினோரு சீட்டுக்கும் துண்டு போட்டு வச்சிருக்கேன்.”

ஒருவரும் நகரவில்லை.

“நாங்க வரலண்ணே” என்றான் அய்யப்பன்.

“வருசா வருசம் இதுலதானப்பா போவீக? இத விட்டா இன்னிக்கு நேர் பஸ்ஸு கெடையாது.”

“தெரியும்ணே. நாளைக்கு இந்தச் செல்லப்பாண்டிக்குப் பொண்ணு வேற பாக்கணும். எல்லாம் இவன் பண்ணுன வேலை.”

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார்.

“அப்படி என்ன தம்பி பண்ணுனீக?”

“செல்லப்பாண்டி அடிச்ச பந்து வெளிய போய்க்கிட்டு இருந்துச்சுண்ணே. கண்மாய் நெனப்புல மட்டைய குறுக்க வச்சுட்டேன்.”

“சரி, அதுக்கென்ன?”

“பந்து திரும்பி உள்ள போயிருச்சு.”

“எதுக்குள்ள?”

“கோலுக்குள்ள.”

“ஒண்ணுக்கு சைபர்ணே” என்றான் அய்யப்பன், துக்கம் சொல்லும் குரலில். “ஜெயிச்சுட்டோம்.”

கண்டக்டர் உள்ளே போய், பதினொரு சீட்டிலும் விரித்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். விசிலை வாயில் வைக்கும் முன் செல்லப்பாண்டியிடம் சொன்னார்: “கவலப்படாதீக. உங்க வீட்ல நான் சொல்லிர்றேன், மாப்பிள்ளை மேட்சுல ஜெயிச்சுட்டாரு, அதான் வரலன்னு.”

“வேற ஏதாவது சொல்லுங்கண்ணே” என்றான் செல்லப்பாண்டி. “அத எங்க ஊர்ல யாரும் நம்ப மாட்டாக.”

நாளை: காலை ஏழு மணிக்கு இரண்டாவது சுற்று. அதற்கு முன், எட்டரை மணி பஸ்ஸில் பதினொரு இடம் சொல்லி வைக்க வேண்டும்.