மூலை மெஷின்

"மூலையில இருக்கிற மெஷினை மறுபடியும் அணைக்காமப் போனது யாரு?"

கம்ப்யூட்டர் சார் போட்ட சத்தத்தில் லேப் கப்சிப் ஆனது. எல்லார் பார்வையும் ஒட்டடைக்குச்சியின் மேல் போய் நின்றது. கடைசி வருஷ வகுப்பிலிருக்கும் ஒல்லிப் பெண்ணுக்கு மற்றவர்கள் வைத்த பேர் அது.

"நான்தான் சார்."

"நேத்தே சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்க சார். ஆனா அது வந்து..."

"வந்துமில்லை, போயுமில்லை. எதிர்த்துப் பேசாதே!"

சார் வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தற்காலிக வேலை. ஆனால் அவர் வந்ததிலிருந்து லேப் பளிச்சென்று இருந்தது. செருப்பை வெளியே விடணும், கையைக் கழுவிவிட்டு உட்காரணும், பென் டிரைவ் என்று மூச்சு விடக்கூடாது, கிளம்பும்போது மெஷினை முறைப்படி அணைத்து உறை போடணும். நல்ல பழக்கங்கள்தான், யார் குறை சொல்ல முடியும்?

இவள் ஒருத்திதான் அடங்காப்பிடாரி. உறையைப் போட்டுவிடுவாள். உள்ளே மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"பொதுச் சொத்துன்னா அவ்வளவு இளக்காரமா? போ வெளியே. இனிமே நீ லேப்புக்குள்ள காலை வைக்கக் கூடாது."

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"வெளியே!"

போனாள். சார் தன் கையாலேயே மூலை மெஷினை அணைத்தார். வகுப்பில் யாரோ "ஐயோ" என்றார்கள். சார் திரும்பி முறைத்ததும் அந்த வாயும் மூடிக்கொண்டது.

மறுநாள் காலை மூலை மெஷின் கிளம்பவில்லை. சார் ஒயரைப் பிடுங்கிச் செருகினார், பெட்டியைத் தட்டினார், தலைகீழாக நின்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"ஹார்டு டிஸ்க் ரொம்பப் பழசு சார்" என்றாள் முன்வரிசைப் பெண், அழுகையை அடக்கிக்கொண்டு. "ஒருதடவை நின்னா மறுபடி சுத்தாதுன்னு போன சார் சொல்லியிருந்தார். அதான் நாங்க அணைக்கவே மாட்டோம். எங்க எல்லார் புராஜெக்டும் அதுலதான் இருக்கு. வேற எடத்துக்கு மாத்தலாம்னா, நீங்க பென் டிரைவே கூடாதுன்னுட்டீங்க. அடுத்த வாரம் குடுக்கணும் சார்."

ஒரு வகுப்பின் உழைப்பு மொத்தமும் போச்சு.

அதற்குள் விஷயம் காதுக்கு எட்டி, தலைமையாசிரியையே வந்துவிட்டார்.

"யார் அணைச்சது? சார், உங்க பொறுப்புல இருக்கிற எடம் இது. நீங்கதான்னா, இன்னிக்கே நீங்க வேற வேலை தேடிக்கலாம்."

சார் குனிந்து, ஒயரை மறுபடி பிடுங்கிச் செருகினார்.

"நான்தான் மேடம்."

வாசலுக்கு வெளியே நின்றிருந்த ஒட்டடைக்குச்சிதான் சொன்னாள். "நேத்து மறதியா அணைச்சிட்டேன்."

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் மூச்சுக் காட்டவில்லை. சாரும்தான்.

"அத்தனை பேர் வயித்தெரிச்சலையும் கொட்டிக்கிட்டியேடி! மத்தவங்களுக்கு டைம் கேட்டுப் பார்க்கறேன். உனக்கு புராஜெக்ட் மார்க்கே கிடையாது, போ!"

தலைமையாசிரியை நகர்ந்ததும், சார் அவளை வராந்தாவில் எட்டிப் பிடித்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே? என் மேல உனக்கு அவ்வளவு மரியாதையா?"

"மரியாதையெல்லாம் ஒண்ணுமில்லை சார்" என்றாள் அவள். "போன சாரை அனுப்பினப்புறம், நீங்க வர்ற வரைக்கும், கிட்டத்தட்ட வருஷம் பூரா எங்களுக்கு வாத்தியாரே இல்லை. அந்த புராஜெக்டைக்கூட நாங்களாத்தான் தட்டுத் தடுமாறிச் செஞ்சோம். எங்க வருஷம் போச்சு. உங்களையும் அனுப்பிட்டா, அடுத்த கிளாஸ் பிள்ளைங்களுக்கு யார் சார் இருக்கா?"