ஒரு கை

“சோகமா இருக்கிற பிள்ளையக் கோமாளியா ஆட விட்டா, பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்கடி?”

நாடகப் பட்டியலிலிருந்து டீச்சர் தன் பெயரை அடிப்பதைப் பார்த்ததும் வாலுவுக்கு ரத்தம் கொதித்தது. இருக்கிற ரத்தமே கொஞ்சம்தான். ஆனாலும் கொதித்தது.

சோகமாம்! யாருக்கு? அவள் வாயைத் திறந்தால் ஐந்தாம் வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

அவளுக்கு இருப்பது சோகை. குடலில் புண். தின்கிற கீரையிலும் விழுங்குகிற மாத்திரையிலும் உள்ள இரும்பை அந்தக் குடல் உடம்புக்குக் கொடுப்பதில்லை. போதாக்குறைக்கு உள்ளுக்குள்ளேயே ரத்தமும் கசிகிறது. அதனால்தான் முகம் வெளிறிக் கிடக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக இரும்பு ஏறுகிறது. ஏறட்டும். அதற்காகக் கோமாளித் தொப்பியை விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

முதல் ஊசிக்கு அவள் அழுதபோது, அப்பா அந்தச் சொல்லை அவள் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். சோகம் என்ற சொல்லில் கை கிடையாதாம், சோகையில் உண்டாம். ஒரு கை பார்த்துவிடலாம் என்றார். அன்றோடு அழுகை நின்றது.

“அது சோகம் இல்ல டீச்சர், சோகை! நீங்கதான் தப்பாப் படிச்சிருக்கீங்க. லெட்டரக் காட்டுங்க!”

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து, அப்பா எழுதிய விடுப்புக் கடிதத்தை அவள் முன்னால் போட்டார்.

அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. ‘குடல் நோயால் வந்த சோகம் காரணமாக...’

வாலு மூன்று தடவை படித்தாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

கேட்காமலேயே டீச்சரின் சிவப்புப் பேனாவை எடுத்தாள். ‘கம்’மை அடித்துவிட்டு, மேலே பெரிதாகக் ‘கை’ போட்டாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்கப்பாவுக்கு எழுத்துப்பிழை வருமா?”

“நிறைய வரும் டீச்சர்,” என்று வாலு கண்ணைச் சிமிட்டாமல் பொய் சொன்னாள்.

அச்சகத்தில் பிழை திருத்துவதுதான் அப்பாவின் வேலை. பதினேழு வருடத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிட்டவர் இல்லை.

“தொப்பியக் குடுங்க டீச்சர். அப்புறம், எங்கப்பாவுக்கு முதல் வரிசையில ஒரு சீட்டு வேணும்.”