எட்டு வால்வு போதும்

கமிஷன்தான். வேறென்ன இருக்க முடியும்?

எக்ஸ்ரேக்காரர் முடிவே கட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற இவரும், அங்கேயே மருந்து கொடுக்கிறவரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் வீட்டிலிருந்து வேலைக்கு அதே ஏழு கிலோமீட்டர். ரெண்டு பேரும் வாங்க நினைத்தது ஒரே சின்னக் கார். அதில் எட்டு வால்வு இன்ஜின் ஒன்று, பதினாறு வால்வு இன்ஜின் ஒன்று. எதை வாங்கலாம் என்று ரெண்டு பேரும் தனித்தனியாக ஒரே மெக்கானிக்கிடம் போய்க் கேட்டார்கள்.

மருந்துக்காரருக்கு அந்த ஆள் சொன்னது, "எட்டே போதும் சார்."

எக்ஸ்ரேக்காரருக்குச் சொன்னது, "பதினாறு வாங்குங்க."

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு! மருந்துக்காரர் வீட்டில் அப்பா, அம்மா, பெண்டாட்டி, பிள்ளைகள் என்று ஆறு பேர். ஆறு பேரை ஏற்றுகிறவனுக்கு எட்டாம், ஒற்றை ஆளுக்குப் பதினாறாம். பதினாறுக்கு விலையும் கூட, செலவும் கூட. தனிக்கட்டைதானே, கேட்க ஆளில்லை, இவன் தலையில் மிளகாய் அரைக்கலாம் என்று நினைத்துவிட்டான்.

கேன்டீனில் இதைச் சொன்னபோது, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றார் மருந்துக்காரர். உங்களுக்கென்ன, உங்களுக்கு வெண்ணெய்தானே வைத்தான் என்று இவர் எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு அந்த மெக்கானிக் பெரிதாக ஒன்றும் விசாரிக்கவும் இல்லை. தினம் எவ்வளவு ஓட்டுவீங்க, யார் யார் ஏறுவாங்க, அப்பா அம்மா எங்கே என்று மூன்றே கேள்வி. ஏழு கிலோமீட்டர், நான் மட்டும், அப்பா இல்லை, அம்மா நானூறு கிலோமீட்டர் தள்ளி ஊரில் தனியாக என்று இவரும் சொன்னார். அவ்வளவுதான், பதினாறு என்று சொல்லிவிட்டான்.

போகட்டும், எட்டே வாங்கிவிடுவோம் என்று இவர் தீர்மானித்ததை முதலில் கேட்டது அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை போனில், கார் வந்துவிட்டால் நினைத்தபோது வரலாமே என்று ஆசையாகக் கேட்டாள். அவர் ஊருக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. முதலில் லீவு கிடைக்கவில்லை, அப்புறம் டிக்கெட் கிடைக்கவில்லை.

"எட்டு வால்வுதானேம்மா, ஊருக்குள்ள ஓட்டத்தான் லாயக்கு. அவ்வளவு தூரம் இழுக்காது" என்றார்.

"சரிப்பா, பத்திரமா ஓட்டு" என்று அம்மா வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அந்த நாள் முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. பேச ஆளும் இல்லை. வேலை நாளில் மட்டும் என்ன வாழ்கிறது? காலையிலிருந்து சாயங்காலம் வரை வருகிறவர்களிடம் 'மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க' என்பதுதான் அவருடைய மொத்தப் பேச்சு.

ஆனாலும் மனசு ஆறவில்லை. மறுநாள் மதியம் நேரே பட்டறைக்கே போய்விட்டார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று.

மெக்கானிக் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஸ்பேனர்களுக்கு நடுவில் போனை நிமிர்த்தி வைத்திருந்தார். யாராவது வந்தால் உட்காரட்டும் என்று ஏதோ காரிலிருந்து கழற்றிப் போட்ட சீட் ஒன்று, தூசி படிந்து கிடந்தது.

"கம்பெனிக்காரன் உங்களுக்கு எவ்வளவு குடுக்கறான்?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

மெக்கானிக் கோபப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, பதினாறுக்கு மூச்சு அதிகம் சார் என்று நிதானமாக விளக்கினார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு வாசலுக்குப் பதில் நாலு வாசல், அதனால் நூறில் போனாலும் திணறாது என்றார்.

"நான் போறது ஏழு கிலோமீட்டர். அதுக்கு எட்டு பத்தாதா?"

"பத்தும்."

"சரி, நானூறு கிலோமீட்டர் போறேன்னே வைங்க. எட்டு போகாதா?"

"தாராளமாப் போகும். கொஞ்சம் நிதானமாப் போகும், அவ்வளவுதான்."

மாட்டிக்கொண்டான் என்று நினைத்தார் எக்ஸ்ரேக்காரர். "அப்புறம் எதுக்கய்யா என்னைப் பதினாறு வாங்கச் சொன்னீங்க?"

மெக்கானிக் போனை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"என் பொண்ணு கார் வாங்கறப்ப என்னைத்தான் சார் கேட்டா. வேற ஊர்ல வேலை. ஊருக்குள்ள ஓட்டத்தானே, எட்டே போதும்மான்னு சொன்னேன். வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரல. கேட்டா, 'எட்டு வால்வுதானேப்பா, அவ்வளவு தூரம் இழுக்காது'ங்கறா."

எக்ஸ்ரேக்காரருக்குச் சுருக்கென்றது.

"நீங்க என்ன சொன்னீங்க?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"முப்பது வருஷமா இன்ஜினைப் பிரிச்சு மாட்டறவன்கிட்ட வந்து சொல்றா. என்னத்தைச் சொல்ல? 'சரிம்மா, பத்திரமா ஓட்டு'ன்னு வச்சுட்டேன்."

எக்ஸ்ரேக்காரர் தூசியைக்கூடத் தட்டாமல் அந்தச் சீட்டில் உட்கார்ந்தார்.

"அதான் சார், அப்பா அம்மாவைத் தூரத்துல விட்டுட்டு இருக்கறவங்களுக்கெல்லாம் இப்ப பதினாறுன்னே சொல்லிடறேன். அந்த ஒரு சாக்காவது இல்லாம இருக்கட்டுமேன்னு."