வானத்தில் சின்ன மாப்பிள்ளை

உலகத்தாருக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: வருகிற ஞாயிற்றுக்கிழமை சின்ன மாப்பிள்ளை தானே குட்டி விமானம் ஓட்டி, மாமனார் மாமியாரை வானத்துக்கு அழைத்துப் போகிறார்.

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷமாக அவர்களைக் காரில் டாக்டரிடம் அழைத்துப் போகிறவர் அவர். அந்தக் காரை மாமியார் ஒரு நாளும் புகழ்ந்ததில்லை.

"லைசென்ஸ் எங்க வாங்கினது, சகலை?"

"வெளிநாட்டுல வேலை பார்த்தப்போ."

"அது இங்க செல்லாதே!" பெரியவர் முகம் மலர்ந்தது. "இந்த நாட்டுச் சட்டத்துல பரீட்சை எழுதணும். கூட ஒருத்தரை வச்சு ஓட்டிக் காட்டணும்."

"ரெண்டும் பண்ணலை. உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு தபால்ல விண்ணப்பம் போட்டேன். அனுமதி வந்துடுச்சு."

"பரீட்சையே இல்லாம குடுத்துட்டாங்களா! கெட்டிக்காரர்!" என்று மாமியார் பூரித்தார்.

"எந்த முட்டாள் குடுத்தான்? காட்டுங்க, நாளைக்கே அவன் சீட்டைக் கிழிக்கிறேன்!"

சின்னவர் காகிதத்தை நீட்டினார். பெரியவர் கடைசி வரி வரை பார்த்துவிட்டு, பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"யாருங்க? தெரிஞ்சவரா?" என்றாள் மனைவி.

"விடு, பாவம். பிள்ளைகுட்டிக்காரன்."

பெரிய மாப்பிள்ளைக்கு உத்தியோகம் விமான லைசென்ஸ் அலுவலகத்தில். எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்குக் கிடையாது.