இறக்கி வைத்த பாரம்

துறைமுகத்தில் கப்பல் தீப்பிடித்து வெடித்துத் தம்பி பிச்சையா செத்த நாளிலிருந்து ஒரு வருஷமாகப் பேராச்சி கண் அசந்ததில்லை. நேற்று தாராவி வேதக்கோயிலுக்குப் போய் வந்தவள், விடிந்தும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். அவள் எழுந்து கஞ்சி ஊற்றும்போது புருஷன் சுயம்பு கேட்டான்.

“அங்ஙன அப்படி என்னத்தளா வேண்டிக்கிட்ட?”

“ஒண்ணும் வேண்டல. ஏசுசாமிகிட்ட பாரத்த இறக்கி வச்சேன். எந்தம்பிய அன்னைக்கு வேலைக்கு அனுப்புன ஆள மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். மனசு புதுசா இருக்கு.”

“யாரு அனுப்புனா? அவன் எரிஞ்ச கப்பல வேடிக்கை பாக்கல்லா போனான்.”

பேராச்சி டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் முடிந்து வைத்திருந்த பித்தளை வில்லையை அவன் முன்னால் வைத்தாள். அதைக் காட்டினால்தான் கூலிகளைத் துறைமுகத்துக்குள் விடுவார்கள். கருகியிருந்தாலும் நம்பர் தெரிந்தது. சுயம்புவின் நம்பர்.

“ஆஸ்பத்திரியில அவன் இடுப்புல இருந்து எடுத்துக் குடுத்தாவ. அன்னைக்கு நீங்க குடிச்சிட்டுக் கெடந்திய. ஒங்களுக்குப் பதிலா அவன அனுப்பியிருக்கிய.”

சுயம்பு கஞ்சியைக் கீழே வைத்தான்.

“ஒரு வருஷமாத் தெரிஞ்சுமாளா எங்கூட இருந்த?”

“தெரிஞ்சதாலதான் தூங்கல. கஞ்சி ஆறுது, குடிங்க.”