சாரைக் கண்டால் ஒளியும் சுழி

பத்தொன்பது நாளாக அது ஆராய்ச்சி மாணவி ஷெமிக்கு மட்டும்தான் காட்சி கொடுத்தது. அவளுடைய பேராசிரியர் ஸ்ரீகண்டன் சார் உள்ளே வந்தால் மாயமாகிவிடும்.

"யட்சியாக்கும் ஷெமி. சாரோட மீசையக் கண்டா போயிருது," என்றான் ஆய்வக உதவியாளர் அஜீஷ்.

யட்சி இல்லை. கண்ணாடித் தொட்டியில் விழும் சுழி. ஆற்றுத் தண்ணீரை இழுக்கும் பெரிய பம்ப்பின் குழாயைச் சின்னதாகச் செய்து, திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் வைத்திருந்தார்கள். சுழி விழுந்தால் தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும். பம்ப் கெட்டுவிடும்.

அதைத் தடுக்க சார் கண்டுபிடித்ததுதான் குழாய் வாயில் பொருத்திய சிலுவைத் தகடு. சார் பார்க்கும்போது தகடு ஜெயித்தது. ஷெமி தனியாக இருந்தால் யானைத் தும்பிக்கை மாதிரி சுழி இறங்கியது.

"ஒனக்கு ராசி இல்லே, ஷெமி. என்னைக் கண்டா அதுக்கு பயம்," என்பார் சார்.

நேற்று அவளுக்குக் காரணம் பிடிபட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. மூன்று வருஷமாக அவள் சாரிடம் பேசியது 'சரி சார்' மட்டும்.

இன்று குடிநீர்த் திட்ட என்ஜினீயர் பத்மஜா வந்திருந்தார். அவர் தலையாட்டினால் தகடு நிஜ ஆற்றுக்குப் போய்விடும். பம்ப் கெட்டால், சோதனை செய்தவள் என்று மாட்டப் போவது ஷெமி.

"சார் வாறாரு!" அஜீஷ் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டான். வழக்கம்போல, தொட்டிக்கு மேலிருந்த ஃபேனைப் போட்டான், நாற்காலியைத் துடைத்தான்.

எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் லேசாகச் சிலிர்த்ததோடு சரி. சுழி இல்லை.

"கொள்ளாம் சார், நல்லாருக்கு! ஒரு குமிழிகூட இல்லையே. நாலு தகடு செய்யச் சொல்லிடறேன்," என்றார் பத்மஜா.

"பாத்தியோ, ஷெமி?" சார் மீசையைத் தடவிக்கொண்டார்.

'சரி சார்' தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஷெமி சுவரோரம் போய் ஒரு சுவிட்சைத் தட்டினாள்.

சற்று நேரத்தில் தண்ணீரின் நடுவே ஒரு குழி விழுந்தது. சுழன்று சுழன்று நீண்டது. 'களுக்' என்று காற்றை இழுத்தது குழாய்.

"அய்யய்யோ! பம்ப்பை என்ன பண்ணித் தொலைச்சே?" என்று அலறினார் சார்.

"பம்ப்ப நான் தொடல சார்." ஷெமி தலை குனிந்தபடியே சொன்னாள். "ஆத்துக்கு மேல ஃபேன் மாட்ட முடியாதுல்லா!"