தொழுகைக் கடிகாரம்

லப்பைக்குடிக்காட்டுப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டும் கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதைச் செய்த ஆசிப் போன நோன்பில் மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்டான். பெரம்பலூரிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்றார்கள் ஜமாத்தார்.

"என் மவன் செஞ்சத வேத்தாள் தொட வேணாம். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குள்ள ஓடும்" என்று சொல்லி, கடிகாரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் அப்துல் சுக்கூர்.

ஜும்ஆ பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. மகள் ஹுஸ்னா லேப்டாப்பிலிருந்து கடிகாரத்தின் சர்க்யூட் போர்டுக்குப் புரோகிராமை ஏற்றப் பார்த்தாள். இணைப்பு கிடைக்கவில்லை என்றே திரையில் திரும்பத் திரும்ப வந்தது.

"ஏத்துறப்ப போர்டுல அந்தச் சின்னப் பொத்தானை அமுக்கிப் புடிக்கணும் அத்தா. முன்னல்லாம் அண்ணன் புடிச்சுக்கும். எனக்கு ஒரு கை ஆடுற ஒயர்ல, ஒரு கை கீபோர்டுல. நீங்க புடிங்க."

சுக்கூரின் விரல்கள் கொஞ்ச நாளாக நடுங்கின. வீட்டில் யாருக்கும் அதை அவர் காட்டியதில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

"நீ ஆரம்பி."

திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. ஹுஸ்னா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏறுது அத்தா. அப்படியே புடிங்க, விட்டுறாதீங்க."

சுக்கூர் போர்டைப் பார்த்தார். பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது.

"விடலம்மா" என்றார், பின்னால் கோத்த கைகளைப் பிரிக்காமலே.